பிசியோவிடம் நான் சொன்ன பதில்

கால்பந்தில் பதினொரு வருடம் ஸ்டாப்பராக ஆடினேன். எதிரணியின் முன்வரிசையை மறித்து நிற்கிற இடம் அது. கோல் போடுகிறவனைத் தோளில் தூக்குவார்கள், தடுக்கிறவனுக்குத் தையல் போடுவார்கள். என் புருவத்தில் மட்டும் மூன்று இடத்தில் தையல் இருக்கிறது. ஒரு தடவை மண்டையில் அடிபட்டு, எந்தப் பக்கம் எங்கள் கோல் என்பதே தெரியாமல் பாதி ஆட்டம் ஆடியிருக்கிறேன். இடைவேளையில் பயிற்சியாளர் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். முடியாது என்று சொன்னவனை அடுத்த வாரம் யாரும் கூப்பிட மாட்டார்கள். இதைப் பெரிய வீரம் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வதில்லை.

முழங்கால் போனபிறகு பயிற்சியாளர் வகுப்பில் சேர்ந்தேன். படிப்பு என்றாலே எனக்கு வேப்பங்காய். ஆனாலும் ஒரு பாடம் நன்றாக நினைவிருக்கிறது. தலையில் அடிபட்டவன் கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும், இரண்டாவது அடி உயிருக்கே ஆபத்து என்று ஒரு முழு நாள் சொல்லிக்கொடுத்தார்கள். புரிந்தது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஆகையால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

என் அணியின் தலைவனும் ஸ்டாப்பர்தான், என்னைப் போலத் தமிழன். இருபத்தாறு வயது. தன்லியின் என்ற ஊரில் அம்மாவோடு இருந்தான். அம்மாவிடம் மட்டும் தமிழ், மற்ற எல்லாரிடமும் பர்மிய மொழிதான். பயிற்சியாளரான என்னை அணியில் மற்ற எல்லாரையும் போல அவனும் சயா என்றுதான் கூப்பிடுவான். ஆட்டம் தொடங்கிவிட்டால் மட்டும் நாங்கள் இருவரும் தமிழுக்கு மாறிவிடுவோம். எட்டாம் நம்பரை விடாதே, முன்னே ஏறாதே என்று நான் கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினால் எதிரணிக்கு ஒன்றும் விளங்காது. எங்கள் ஆட்களுக்கும் விளங்காது. தங்களைத்தான் திட்டுகிறோம் என்று அவர்கள் கேலி செய்வார்கள். பாதி நேரம் அது உண்மைதான்.

போன பருவத்தின் கடைசி ஆட்டம் அது. ஜெயித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடுவோம், என் வேலையும் அதோடு சரி. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தோம். இன்னும் இருபது நிமிடம் பாக்கி. ஒரு கார்னரில் பந்துக்கு எகிறிய எங்கள் அணித்தலைவன் எதிராளியின் தலையோடு மோதி விழுந்தான். கோட்டுக்கு வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

அடிபட்டவர்களைப் பார்க்கிற எங்கள் பிசியோ ஒரு பர்மியப் பெண், வேலையில் படு கெட்டி. அவன் எதிரில் மண்டியிட்டு, எத்தனை கோல், இது எந்தப் பாதி என்று வரிசையாகக் கேட்டார். அவன் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான்.

"அம்மா இன்னும் ஏறலையே. போட்டை எடுக்கப் போறாங்க."

அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா போட்டாதாங் படகுத்துறையில் சோற்றுக்கடை வைத்திருந்தார். வீடு அப்போது அக்கரையில். கடையைக் கட்டிவிட்டு அம்மா ஓடிவந்து கடைசி ஆளாக ஏறும்வரை படகில் உட்கார்ந்து தவிப்பானாம். இதெல்லாம் அவனே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னது.

என்ன சொல்கிறான் என்று பிசியோ என்னைக் கேட்டார். அவன் தமிழில் பேசியதை அவர் விசேஷமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்ட நேரத்தில் எங்கள் வழக்கமே அதுதானே. நான் பெஞ்சைப் பார்த்தேன். அவன் இடத்துக்கு ஆள் இல்லை. ஆடுகிற வயதில் இருந்தவர்கள் பட்டாளத்துக்குப் பிடிப்பார்கள் என்று பயந்து ஒவ்வொருவராக நாட்டைவிட்டே போய்க்கொண்டிருந்த சமயம்.

ஒன்றுக்குப் பூஜ்யம், இரண்டாவது பாதி என்று சரியாகச் சொல்கிறான் என்றேன். அவர் இன்னொரு கேள்வி கேட்டார். அவன் வாயே திறக்கவில்லை. கோபத்தில் இருக்கிறான், விடுங்கள் என்றேன். பிறகு அவனைப் பார்த்து, போ என்றேன். எழுந்து போனான். நான் சொன்னால் தட்டாமல் போகிறவன் அவன்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பந்து நெற்றியில் பட்டது, பெரிய அடியும் இல்லை. நின்ற இடத்திலேயே சரிந்தான். ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம்.

வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். இப்போது வெளிச்சம் பட்டால் தலை வலிக்கிறது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறான். வலது கையில் கரண்டி நிற்பதில்லை. தான் சரியாகக் கவனிக்கவில்லை என்று பிசியோ அழுது, வேலையை விட்டுப் போனார். உங்கள் மேல் தப்பில்லை, அழாதீர்கள் என்று நான் பெரிய மனிதன்போல் அவருக்குச் சமாதானம் சொன்னேன். அதைவிடக் கேவலமான காரியத்தை நான் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் பாலத்தைத் தாண்டி அவன் வீட்டுக்குப் போவேன். அவன் அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஆட்டக்காரர்கள் யாரும் இப்போது வருவதில்லை, நான் மட்டும் வருகிறேன் என்று அவருக்கு என்மேல் அத்தனை மரியாதை. டீயும் பலகாரமும் வைத்து உபசரிப்பார். வாங்கித் தின்றுவிட்டு வருவேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"அன்னிக்கு சயா பக்கத்துல இருந்தது நல்லதாப் போச்சு. பிள்ளை தமிழ்ல என்னமோ பேசினானாமே. நீங்க இல்லாட்டி அது யாருக்கு விளங்கியிருக்கும்?"

டீயைக் கீழே வைத்தேன். அவன் சுவரோரம் கண்ணை மூடிப் படுத்திருந்தான். இதற்குமேலும் மறைத்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. அவன் சொன்னதைச் சொன்னேன். பிசியோவிடம் நான் சொன்னதையும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை, எனக்காகப் பரிந்தும் பேசவில்லை.

அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். நாலு அடி கொடுத்தாலும் தேவலை என்றிருந்தது. அவர் எழுந்துபோய், மகன் காலில் விலகிக் கிடந்த லொங்ஜிக் கைலியை இழுத்துச் சரிசெய்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"என் பிள்ளை என்னைத் தேடியிருக்கான். நீங்க அவங்ககிட்ட எத்தனை கோலுன்னு சொல்லியிருக்கீங்க."