மகள் கையில் நான் கட்டிய காப்பு

அம்மனை நம்பிப் பிழைக்கிற சகோதரிகளே, நான் ஆறாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனவள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடம் யோசித்தேன். எழுதினால் ஊர் என்ன சொல்லும் என்று பயம். எழுதாமல் விட்டால் அம்மன் என்ன நினைப்பாள் என்று அதைவிடப் பயம். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான்.

உயரம் தாண்டுவதில் தங்கம் வாங்கிய செல்வக்கனியைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். என் மகள்தான். அந்தப் பிள்ளையை ஒரு தடவை கட்டிப்போட்டவளும் நான்தான்.

எங்கள் ஊர் நாகலாபுரத்துப் பக்கம். கொஞ்சம் கரிசல் காடு, கொஞ்சம் ஆடு. கனி சின்ன வயதில் ஆட்டுப் பட்டியின் முள்வேலியைத் தாண்டித்தான் உள்ளே போவாள், வாசல் திறந்தே கிடந்தாலும். என் கொழுந்தனார் கேலி பேசுவார்.

"வேலி தாண்டுத ஆட்டுக்குக் கழுத்துல கட்டையக் கட்டுவோம். இவளுக்கு எங்கன கட்ட?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் அவளைப் பிடித்துக்கொண்டார். வட்டாரம், மாவட்டம், மண்டலம் என்று ஜெயித்துக்கொண்டே போனாள். எந்தப் போட்டி என்றாலும் நான் கூடவே போனேன். ஆனால் அவள் தாண்டி நான் பார்த்ததே இல்லை. அவள் ஓடி வரும்போதே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். கம்பு விழுகிற சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்பேன். சத்தம் வந்தால் அடிபட்டாளோ என்று பயம். வராவிட்டால் கம்பை இன்னும் ஏற்றுவார்களே என்று பயம்.

ஒரு நாள் கோவில்பட்டி மைதானத்தில் தாண்டி விழுகிற மெத்தை விலகிக் கிடந்தது. கனி அதன் விளிம்பில் கழுத்து அடிபட விழுந்தாள். பத்து நாள் தலையைத் திருப்ப முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து காளியம்மனிடம் அழுதேன். "தாயே, இவள் கழுத்து நேராகட்டும். இவளே வந்து உனக்குத் தீச்சட்டி எடுப்பாள்." கழுத்து நேராகிவிட்டது. அம்மன் தவறவில்லை. தவறியது நான்.

காளியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முந்தின வாரம் திங்கட்கிழமை டீச்சர் எனக்குப் போன் செய்தார். சனிக்கிழமை திருச்சியில் போட்டி, அதில் ஜெயித்தால் விளையாட்டு விடுதியில் இடம், இனிமேல் பயிற்சி, படிப்பு எல்லாம் அங்கேதான் என்றார். கனிக்குத் தனியாகப் போன் கிடையாது. நான் "சரி டீச்சர்" என்று சொல்லி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கோயிலில் காப்புக் கட்டு. மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டவர்கள் பொங்கல் முடிகிறவரை எட்டு நாள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் ஊரில் யாரும் இதை மீறியதில்லை. நான் கனியைக் கூட்டிக்கொண்டு போனேன். "நேர்ச்சை இருக்கு, இந்த வருசம் எடுத்துரு" என்றேன். ஒன்றும் தெரியாமல் கையை நீட்டினாள். பூசாரி கட்டிவிட்டார். அன்றைக்குத்தான் நான் பல மாதம் கழித்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கசக்கிறது.

வியாழக்கிழமை டீச்சர் பஸ் ஏறி நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"என்னக்கா இது? திங்கக்கிழமையே போன்ல சொன்னேன்லா? புள்ள கையில காப்பக் கட்டி வச்சிருக்கீங்க?"

கனி என்னைப் பார்த்தாள். "போன் வந்துச்சா? எம்மா, தெரிஞ்சேதான் கட்டுனியா?"

"நேர்ச்சைட்டி... சாமி காரியம்."

"அத அடுத்த வருசம் எடுத்தா சாமி வாங்கிக்கிடாதா?"

அவள் கத்தவில்லை, அழவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஆட்டுப் பட்டிப் பக்கம் போனாள். எப்போதும் தாண்டுகிற வேலியை அன்றைக்குத் தாண்டவில்லை. வாசல் வழியாகப் போனாள். கொழுந்தனார் கேலியாகச் சொன்ன கட்டையை நான் நிஜமாகவே கட்டிவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

கோயிலுக்கு ஓடினேன். கனி, டீச்சர், வீட்டுக்காரர், கொழுந்தனார், பாதி ஊர் என்று எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். காப்பை இடையில் அவிழ்க்க அம்மன் உத்தரவு வேண்டும் என்றார் பூசாரி. சிவப்பு அரளியையும் வெள்ளை அரளியையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் உத்தரவு. என்னை எடுக்கச் சொன்னார்.

சிவப்பு வந்தது.

"முடிஞ்சுபோச்சு. ஆத்தா விடமாட்டேங்கா" என்றார் கொழுந்தனார். "பொம்பளப்புள்ள மல்லாக்க விழுததுக்கு மெடலாம்லா, மெடலு! வீட்டுல கிடக்கட்டும்."

கனி திரும்பி நடந்தாள். அவள் முதுகைப் பார்த்தேன். என்ன தைரியம் வந்ததோ, அம்மன் முன்னால் விழுந்து சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"நேர்ச்சைக்காகக் கட்டலை தாயே! போட்டி எனக்குத் தெரியும். இவ என்னைய விட்டுட்டுப் போயிரக் கூடாதுன்னு கட்டுனேன். ஒன் பேரச் சொல்லி நான் கட்டுனேன்."

வாசல்வரை போன கனி நின்று திரும்பினாள்.

"பாத்தியளா, சாமி கண்ணுலயே மண்ணத் தூவிருக்கா!" என்றார் கொழுந்தனார். என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பூசாரி மட்டும் கோபப்படவில்லை. "பொய்ய மடியில வச்சுக்கிட்டுக் கேட்டா எப்படிம்மா உத்தரவு குடுப்பா? இப்பக் கேளு."

அவர் மறுபடியும் இரண்டையும் மடித்துப் போட, ஒன்றை எடுத்தேன். "தாயே, என் பயம் என்னோடு இருக்கட்டும். அவள் பயமில்லாமல் போகட்டும்." இவ்வளவுதான் என் வேண்டுதல். இலையைப் பிரித்தேன். வெள்ளை அரளி.

பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கனியின் காப்பை அவிழ்த்தார். "நேர்ச்சைய யாராவது செலுத்தணும்லா?" என்று அதையே என் கையில் கட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு நாள் முடிகிறவரை நான் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது. கனி முதல் தடவையாக நான் இல்லாமல் போகப் போகிறாள்.

ஓடைப் பாலம்தான் எங்கள் எல்லை. அதுவரை பின்னாலேயே போய் நின்றேன். அவளும் டீச்சரும் பாலத்தைத் தாண்டிக் கோவில்பட்டி பஸ் ஏறினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கேட்டதை அம்மன் அப்படியே கொடுத்துவிட்டாள்.

திருச்சியில் ஜெயித்தாள். விடுதியில் இடம் கிடைத்தது. பிறகு மாநிலத்தில் தங்கம், தேசியப் போட்டியில் தங்கம், போன வருடம் ரயில்வேயில் வேலை. ஊர் முகப்பில் பெரிய பேனர் வைத்தார்கள். அதில் கனியைவிடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டு நிற்பவர் என் கொழுந்தனார். பங்குனிப் பொங்கலுக்கு மழை தவறினால் மட்டும் "காப்ப அவுத்த வீடு" என்று எங்களைக் காட்டுவார்கள். இரண்டும் ஒரே வாய்தான்.

அது போகட்டும். கனி அப்பாவிடம் மணிக்கணக்கில் பேசுவாள். என்னிடம் "சாப்பிட்டேன்" என்பாள். போட்டித் தேதியை எனக்குச் சொல்லமாட்டாள். தேசியத் தங்கத்தையே பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வருடா வருடம் பொங்கலுக்கு வருவாள், எல்லோரும் காப்பு அவிழ்த்த மறுநாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. தினமும் விளக்கேற்றி, "அவள் என்னை நம்பி ஒரு தேதி சொல்லட்டும்" என்று மட்டும் கேட்டுவந்தேன்.

போன மாதம் போன் வந்தது.

"எம்மா, நாளைக்குப் போட்டி. செல்லுல காட்டுவாங்க. பாக்கணும்னா பாரு."

"பாக்கேன்ட்டி."

"கண்ண மூடிக்கிடாத."

அவளுக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது.

மறுநாள் பார்த்தேன். கண்ணை மூடவில்லை. அன்றைக்கு அவள் தோற்றாள். கடைசி உயரத்தில் மூன்று தடவையும் கம்பு விழுந்தது. ஒவ்வொரு தடவையும் மெத்தையில் கிடந்து ஒரு நொடி வானத்தைப் பார்த்தாள், எழுந்தாள், சட்டையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். அவ்வளவுதான். விழுகிற சத்தத்தை மட்டும் கேட்டே இத்தனை வருடம் செத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் எழுந்திருப்பதை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை.

சகோதரிகளே, எனக்குப் பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஒருமுறை பொய் சொல்லிச் சிவப்பு அரளி வாங்கியவள் நான். உங்கள் பயத்தை உள்ளபடியே அம்மனிடம் கொட்டுங்கள். அவள் கொடுப்பாள். பிள்ளையைக் கட்டிப்போட மட்டும் அவளிடம் கயிறு கேட்காதீர்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் கையை நீட்டுங்கள். இந்தப் பங்குனிக்கும் நான் நீட்டுவேன்.