விளம்பரப் பட்டைக்கு மேலே இரண்டு வரி

சீசன் நேரத்தில் எங்கள் வீட்டில் உள்ளூர் கேபிள் செய்தியைக் கண் கொட்டாமல் பார்ப்பது என் அத்தைதான். ஐந்தருவிப் பக்கம் அவருக்குப் பழக்கடை. அருவியில் குளிக்கத் தடை என்றால் கடையைத் திறந்து பயனில்லை. வாங்கி வைத்த ரம்புட்டான் கறுத்துப்போகும். பல வருஷத்துக்கு முன் வந்த காய்ச்சலில் அத்தைக்குக் காது போய்விட்டது. செய்தி முடிந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். "தடைதான் அத்தை" என்று வாயசைப்பேன்.

"ஏலே, அவன் இம்புட்டு நேரம் பேசுதான். நீ ஒத்த வார்த்தையில முடிச்சிருத."

படிப்பு முடிந்து அதே கேபிள் சேனலில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே முதலாளியைப் பிடித்துக்கொண்டேன். நேரலையில் பேசுவதை உடனுக்குடன் டைப் செய்து திரையில் காட்டலாம் என்றேன்.

"செலவு வைக்காம என்னமும் பண்ணு" என்றார் அண்ணாச்சி.

முதல் நாள், நிருபர் அருவிக்கரையில் நின்று பேசப் பேச அடித்துத் தள்ளினேன். என் வேகத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அத்தையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. என் எழுத்தின் மேல் நகைக்கடை விளம்பரப் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. அது ஒளிபரப்பாகும்போது கடைசியில் சேர்வது. என் திரையில் தெரியாது.

"பட்டையை எடுத்துருவோமா அண்ணாச்சி?"

"நல்லா எடுப்ப. அதுலதாம்லே உன் சம்பளம் ஓடுது."

எழுத்தை மேலே ஏற்றினேன். மறுபடி வாட்ஸ்அப்: 'இப்ப எழுத்து அவன் வாயை மறைக்குது. வாயையும் பாத்தாத்தான் எனக்குப் பிடிபடும்.'

எழுத்து வந்தபின் உதடு எதற்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். மறுநாள் கேமராக்காரரிடம், நிருபரை இடுப்புவரை காட்டச் சொன்னேன். வாய்க்குக் கீழே, பட்டைக்கு மேலே, சட்டைப் பொத்தான் இருக்கும் இடத்தில் இரண்டு வரி. அத்தையிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மாலையில் கடைக்குப் போனேன். பழக்க தோஷத்தில், "தடை நீங்கிட்டு அத்தை" என்றேன்.

"தெரியாமலா கடையைத் திறந்திருக்கேன்? மழை பெஞ்சா மறுபடி நிறுத்திருவாங்கன்னு சொன்னான்லா, அதான் ரம்புட்டான் கொஞ்சமா எடுத்தேன். செங்கோட்டை ரோட்டுல மரம் விழுந்து பஸ்ஸெல்லாம் சுத்திப் போகுதாம். நீ அந்தப் பக்கம் போயிராத."

மரம் விழுந்ததையும் நான்தான் டைப் செய்திருந்தேன். வேகத்தில் மனதில் நிற்கவில்லை. அத்தை ஒரு ரம்புட்டானை உரித்து என் கையில் கொடுத்துவிட்டு, மரம் எங்கே விழுந்தது என்பதிலிருந்து விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார்.