பதினாலு லிட்டர்

எங்கள் அப்பாவிடம் ஒரு ஜீப் இருந்தது. ஜீப்பிடம்தான் அப்பா இருந்தார் என்று எங்கள் மலைக் கிராமமான கூக்காலில் சிலர் சொல்வார்கள். அதிலும் தப்பில்லை. யாராவது எதிரில் வந்து, "என்ன மச்சான், வீட்ல எல்லாரும் நல்லாருக்காகளா?" என்று கேட்டால், "நேத்து கொடைக்கானல் போய்ட்டு வந்தேன், லிட்டருக்குப் பன்னெண்டு குடுத்துச்சு" என்பார். என்னையும் அம்மாவையும் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பியவர்கள் வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும்.

பழைய டீசல் ஜீப். நான்கு சக்கரமும் இழுக்கும். மழைக்காலத்தில் ஏரிப் பாதை சேறாகிக் கிடக்கும்போது ஊரில் வேறு எந்த வண்டியும் ஏறாது, இது முனகிக்கொண்டே ஏறிவிடும். அதன் டீசல் முள் மட்டும் நான் பிறப்பதற்கு முன்பே படுத்துவிட்டது. அதற்குப் பதிலாக அப்பா ஒரு மூங்கில் குச்சியில் கத்தியால் கோடுகள் கீறி வைத்திருந்தார். டேங்க் மூடியைத் திறந்து, குச்சியை உள்ளே விட்டு எடுத்து, எந்தக் கோடு வரை நனைந்திருக்கிறது என்று பார்த்து, இத்தனை லிட்டர் என்பார். அரை லிட்டர்கூடப் பிசகாது. பெட்ரோல் பங்க் கொடைக்கானலில் இருந்தது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி. அதனால் வீட்டில் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன்கள் நாலைந்து எப்போதும் கிடக்கும். காட்டு மோட்டாருக்கு டீசல் தீர்ந்துவிட்டது என்று யாராவது வந்தால், அப்பா ஒரு ரப்பர் டியூபை டேங்கில் விட்டு வாயால் உறிஞ்சி, கேனில் பிடித்துக் கொடுப்பார். பக்கத்தில் நின்று பார்த்தே அந்த வித்தையை நானும் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்துப் பாடம் எதுவும் எனக்கு அவ்வளவு சுலபமாக வந்ததில்லை.

அப்போது எனக்குப் பதினோரு வயது. "இந்தப் பொண்ணு கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் பொறந்திருக்கு" என்று அம்மா சொல்வாள். உண்மைதான். எங்கள் ஊருக்கு வரும் பஸ்கள் மிகக் குறைவு. வருகிற பஸ்ஸும் வந்த வேகத்தில் திரும்பிவிடும். அது வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பேன். அம்மாவின் தம்பி, என் மாமா, திண்டுக்கல்லில் இருந்தார். அங்கே ஒரு தெருவைக் கடந்தால் இன்னொரு தெரு வரும். எங்கள் ஊரில் எங்கள் பூண்டுக் காட்டைக் கடந்தால் இன்னொருவர் பூண்டுக் காடு வரும். அதையும் கடந்தால் மூடுபனி.

இரண்டு வருடமாகப் பூண்டு மழையில் அழுகிப்போயிருந்தது. ஒரு நூல் மில்லில் பஸ் ஓட்ட ஆள் தேடுகிறார்கள், ஜீப்பை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு இறங்கி வந்துவிடுங்கள் என்று மாமா சொல்லி அனுப்பினார். அப்பா ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டார். யாராவது கேட்டால், "எனக்கென்ன, எங்க வேணாலும் ஓட்டுவேன். பொண்டாட்டி புள்ளைக்குத்தான் ஊர விட மனசில்ல" என்பார். என் மனதை அவர் கேட்டதே இல்லை. அம்மா கீழே பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி மேலே வந்தவள். பனிக்காலத்தில் அவளுக்கு விரல் நுனிகள் வெடித்துவிடும். வெந்நீருக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்பா சொன்னதை அவள் மறுத்ததில்லை. ஆகவே அது உண்மை என்று நானும் நம்பினேன்.

இப்படி இருக்கும்போதுதான் கேரவன் வந்தது.

கொடைக்கானல் பக்கத்தில் அட்டுவம்பட்டியில் காட்டேஜ் நடத்திவந்த ஒருவர், காரின் பின்னால் மாட்டி இழுக்கிற வீடு ஒன்றை எங்கிருந்தோ வாங்கியிருந்தார். டூரிஸ்ட்டுகளை அதில் ஏற்றி எங்கள் ஏரிக்கரையில் தங்கவைக்க வேண்டும் என்பது அவர் திட்டம். முதல் தடவை தன்னுடைய புதுக் காரில் மாட்டி இழுத்துவந்தபோது, பூம்பாறையைத் தாண்டி ஒரு வளைவில் கிளட்ச் தீய்ந்து, கார் நின்றுவிட்டது. அந்த வழியே வந்த அப்பா கேரவனை ஜீப்பில் மாட்டி மேடு ஏற்றிவிட்டார். காட்டேஜ்காரர் அசந்துபோனார். சீசன் முழுக்க இழுக்கிற வேலையை அப்பாவுக்கே கொடுப்பதாகச் சொன்னார், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

"அண்ணே, பவர் ஓகே. டீசல் எவ்ளோ குடிக்கும்னு தெரியணும். என் கார் கம்பெனிக்காரன் சொன்னது ஒண்ணு, கேரவனை மாட்டுனதும் குடிச்சது ஒண்ணு. எனக்கு ட்ரையல் பாக்கணும்."

"போக வர பதினாலு லிட்டருங்க" என்றார் அப்பா, யோசிக்காமல். "பதினஞ்சு ஆச்சுன்னா வண்டிய அங்கனயே விட்டுட்டு ஊருக்கு நடந்து வந்துர்றேன்."

சோதனை எளிமையானது. கொடைக்கானல் பங்கில் டேங்கைக் கழுத்து வரை நிரப்ப வேண்டும். கேரவனை கூக்காலுக்கு இழுத்து வந்து, ஓர் இரவு வைத்திருந்து, காலையில் திரும்ப இழுத்துப் போய், அதே பங்கில் மறுபடியும் கழுத்து வரை நிரப்ப வேண்டும். இரண்டாவது தடவை எவ்வளவு பிடிக்கிறதோ, அவ்வளவுதான் ஜீப் குடித்தது. ஜெயித்தால் சீசனுக்கு வேலை, நாங்கள் கூக்காலிலேயே இருப்போம். தோற்றால் ஜீப்பை விற்றுவிட்டுத் திண்டுக்கல். அப்பா இதை அம்மாவிடம் சொன்னபோது நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அம்மா "ம்" என்றாள்.

சோதனை நாளன்று காலையிலிருந்தே நான் ஊர் முனைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் உட்காரும் வண்டி என்று ஊருக்கு ஒரு ஞானம் இருந்தது. ஆகவே பாதி ஊர் ரோட்டில் நின்றது. மதியத்துக்கு மேல் ஜீப் அந்த வெள்ளைப் பெட்டியை இழுத்துக்கொண்டு மெதுவாக வந்து சேர்ந்தது. கதவு திறந்தது. உள்ளேயிருந்து காட்டேஜ்காரர் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு இறங்கினார். கூட்டம் ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் வாளியைப் பார்த்தது.

ஏரிக்கரையில் கேரவனைக் கழற்றிவிட்டு அப்பா ஜீப்பை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். குச்சியை விட்டுப் பார்த்தார். "ஏழு குடிச்சிருக்கு. சொன்னம்ல" என்றார், யாரும் கேட்காமலே. பிறகு கேரவன் சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுக்க மறுபடியும் ஏரிக்குப் போனார். ஊரும் பின்னால் போனது. நானும் போனேன். அங்கே ஐந்து நிமிடம்கூட என்னால் நிற்க முடியவில்லை. ஏழு என்றால் நாளைக்குப் பதினாலு. பதினாலு என்றால் இந்த ஏரி, இந்தப் பனி, இந்தப் பூண்டு, ஆயுசுக்கும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. டேங்கிலிருந்து கொஞ்சம் டீசலை எடுத்துவிட்டால், நாளை பங்கில் அந்தக் கொஞ்சமும் சேர்த்துப் பிடிக்கும். பழி ஜீப்பின் மேல் விழும்.

வீட்டுக்கு ஓடினேன். வாசலில் யாரும் இல்லை. அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. ஒரு கேனை எடுத்தேன். டியூப் வழக்கமான ஆணியில்தான் தொங்கியது, ஆனால் ஈரமாக இருந்தது. டேங்க் மூடியும் லேசாகவே திருகியிருந்தது. அப்பா துணி வைத்து இறுக்கி மூடுகிறவர். அவசரத்தில் விட்டிருப்பார் என்று நினைத்தேன். உறிஞ்சியபோது ஒரு வாய் டீசல் உள்ளே வந்துவிட்டது. துப்பித் துப்பிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கேனின் நான்கு லிட்டர் கோடு வரை வந்ததும் டியூபை உருவினேன். பூண்டுக் கொட்டகையில் காய்ந்த பூண்டுத் தண்டுக் குவியலுக்கு அடியில் கேனைப் புதைத்தேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது சோறு முழுக்க டீசல் வாசம். அம்மாவும் சரியாகச் சாப்பிடவில்லை. பல் வலி என்று வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கியிருந்தாள். எனக்கும் ஒன்று வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்காமல் கொடுத்தாள்.

காலையில் வெள்ளனே எழுந்து பார்த்தேன். அப்பா குச்சியோடு ஜீப் பக்கத்தில் நின்றிருந்தார். குச்சியை விட்டு எடுத்தார். பார்த்தார். வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தார். அதன் பிறகு குச்சியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். திட்டுவார், கத்துவார் என்று காத்திருந்தேன். என்னால் தாங்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டேன், பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே.

அன்று முழுவதும் பெஞ்சில் என்னால் உட்கார முடியவில்லை. டீசல் தீர்ந்து நடு வளைவில் ஜீப் நிற்பது போலவும், கேரவன் பின்னால் இழுத்து அப்பாவோடு பள்ளத்தில் உருள்வது போலவும் தோன்றிக்கொண்டே இருந்தது. டேங்கில் நிறைய மிச்சம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பயம் கணக்குப் பார்க்காதே. நெளிந்துகொண்டே இருந்ததற்காக டீச்சர் என்னை நிற்கவைத்தார். அது எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஜீப் சத்தம் கேட்டதும் ஓடினேன். அப்பா முழுசாக இருந்தார். டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, நாலு பேர் கேட்கும்படி அவரே சொன்னார்.

"இருபத்திமூணு குடிச்சிருச்சுப்பா. அவருக்குக் கட்டுப்படியாகாதுன்னுட்டாரு. வயசாயிருச்சுல்ல வண்டிக்கு."

டீக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஜீப்பைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு குறைச்சொல் அதுவரை வந்ததில்லை. "அப்ப நீரு நடந்துல்லய்யா வந்திருக்கணும்" என்று ஒருவர் கிண்டல் செய்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். பதினாலும் என்னுடைய நாலும் பதினெட்டு. மீதி ஐந்தை ஜீப்பின் தலையிலேயே போட்டேன். நான் எடுக்காவிட்டாலும் தோற்றிருக்கும், ஆகவே என் மேல் பாவம் இல்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன். பூண்டுக் கொட்டகைப் பக்கம் மட்டும் அதற்குப் பிறகு பயத்தில் போகவே இல்லை.

அடுத்த மாதம் பக்கத்து ஊர் கவுஞ்சிக்காரர் ஒருவர் கேரட் ஏற்ற ஜீப்பை வாங்கிக்கொண்டு போனார். நாங்கள் திண்டுக்கல்லுக்கு இறங்கினோம். அப்பா மில் பஸ் ஓட்டினார். அதன் மைலேஜைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாவின் விரல்கள் ஆறின. நான் தெருத்தெருவாகச் சுற்றினேன், படித்தேன், வேலைக்கும் போனேன்.

சில வருடங்களுக்கு முன் தோழிகளோடு கொடைக்கானல் போனபோது அட்டுவம்பட்டியில் அந்தக் காட்டேஜ்காரரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. கேரவன் அவர் தோட்டத்தில் சக்கரம் இல்லாமல், கோழிகள் புழங்க நின்றிருந்தது. இன்னாருடைய மகள் என்று சொன்னதும் உட்காரவைத்து டீ கொடுத்தார்.

"அந்த ஜீப் இன்னும் கவுஞ்சியில ஓடுதும்மா, தெரியுமா? அன்னிக்கு ட்ரையல்ல உங்கப்பா பதினாலுன்னாரு. பதிமூணரைதான் பிடிச்சுது. நான் அங்கேயே ஓகேன்னுட்டேன். அவருதான் வேணாம் சார்னுட்டாரு. ஏன்னு கேட்டா சிரிச்சிட்டே போயிட்டாரு."

டீ ஆறிக்கொண்டிருந்தது. இருபத்திமூன்று என்ற எண் அப்பாவுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று யோசித்தேன். பதினாலு. என்னுடைய நாலு. மீதி ஐந்து. முழுசாக ஒரு கேன். ஈரமான டியூபும் இறுக்காத மூடியும் கிராம்பும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. ஊரை விட்டுப் போக அம்மாவுக்கு என்னைவிட ஒரு லிட்டர் ஆசை அதிகமாக இருந்திருக்கிறது. பத்து பன்னிரண்டு வருடம் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு அவள் சொல்லாததெல்லாம் அந்தக் கேனில் இருந்திருக்கிறது. காலையில் குச்சியோடு நின்ற மனிதர் ஒன்பது லிட்டர் எங்கே போயிற்று என்று தேடி, இரண்டு கேன்களையும் கண்டுபிடித்து, டேங்கில் திரும்ப ஊற்றிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பியிருக்கிறார். ஜீப்பை நேர்மையாக ஜெயிக்கவைத்துவிட்டு, ஊருக்குள் வந்து அது தோற்றது என்று சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் யாராவது அந்த ஜீப்பைப் பற்றிக் கேட்டால், "நல்லா இழுக்கும், ஆனா குடிகாரப் பய" என்றுதான் சொல்கிறார். ஒரு தடவை சொன்ன பொய்யை அவர் மாற்றவே இல்லை.

சோதனை முடிந்த அந்தச் சாயங்காலம் டீக்கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா இன்னொரு காரியமும் செய்தார். ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து இரண்டு காலிக் கேன்களை எடுத்துவந்து, சோப்புப் போட்டுக் கழுவி, வாசல் கல்லின் மேல் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்துவைத்தார். அம்மா கதவோரம் நின்றிருந்தாள். நான் படியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்பா எங்கள் முகத்தைப் பார்க்காமல், கையை உதறியபடி சொன்னார்.

"காஞ்சதும் ஆளுக்கு ஒண்ணா எடுத்து உள்ள வைங்க."

தண்ணீர் வடிந்ததும் நான் ஒன்றை எடுத்தேன். அம்மா மற்றதை எடுத்தாள். வேலையைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் என் கேனைத் தட்டித் தாளம் போட்டபடி உள்ளே ஓடினேன்.