லொக்கில் நின்றபோது வந்த அழைப்பு

"படிச்சது சரி. தாய்க்கு ஒரு தேவையெண்டா உவள் வந்து நிப்பாளோ?" என்று சித்தி ஒருமுறை அம்மாவிடம் கேட்டார், நான் பக்கத்திலேயே இருக்க.

"என்ரை டொக்டரோட கதைக்கிறதே இவள்தானே" என்றார் அம்மா. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். அம்மாவின் படிப்பு இடப்பெயர்வோடு நின்றுபோனது. அவருக்கு நோர்வேஜிய மொழி அவ்வளவாக வராது. ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் எங்கள் வீட்டுக்குச் சின்ன வயதிலிருந்தே நான்தான் வாய்.

சென்ற கோடையில் தோழியுடன் இங்கிலாந்துக்குப் போனேன். வாடகைப் படகில் கால்வாய் வழியே ஒரு வாரம். அந்த வாரத்தில்தான் அம்மா வைத்தியரிடம் போகவேண்டியிருந்தது. "உள்ளை போனதும் எனக்கு எடுங்கோ, போனிலையே கதைச்சு விடுறன்" என்று சொல்லியிருந்தேன்.

கால்வாயில் மேடு வரும் இடங்களில் லொக் இருக்கும். முன்னும் பின்னும் பெரிய மரக்கதவுள்ள ஒடுங்கிய தொட்டி அது. படகை உள்ளே விட்டு மேற்பக்கத் தண்ணீரைத் திறந்தால், படகு மெல்ல உயரும். தோழி சுக்கான் பிடித்தாள். நான் கரையில் நின்று இரும்புக் கைபிடியால் மதகைச் சுற்றித் திறந்தேன். தண்ணீர் இரைந்து பாய்ந்தபோது கைபேசி அடித்தது.

"எடுக்காதை! படகு அடிபடுது, மெதுவாத் திற!" என்று தோழி கீழிருந்து கத்தினாள். எடுக்கவில்லை. அது சரிதான்.

மறுபடி அடித்தபோது கதவு திறந்து, படகு வெளியே போய்விட்டிருந்தது. என் கைகள் சும்மாதான் இருந்தன. கதவின் நீண்ட மரத்தில் சாய்ந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த ஒரு நாளாவது நான் இல்லாமல் நடக்கட்டுமே என்றிருந்தது. அடித்து ஓய்ந்தது.

சற்றுத் தள்ளிப் படகுகள் கட்டும் இடம். கயிற்றைக் கரையிலிருந்த வளையத்தில் கட்டிவிட்டு அம்மாவை அழைத்தேன்.

"கை விடேலாமல் போச்சம்மா."

"பறவாயில்லை. டொக்டர் போனிலை ஒரு தோல்க்கை எடுத்துத் தந்தவ."

தோல்க் என்றால் மொழிபெயர்த்துச் சொல்பவர். அப்படி ஒருவரைக் கேட்கலாம் என்று நான் அம்மாவுக்குச் சொன்னதே இல்லை. நான் இருக்க வேறொருவர் எதற்கு?

"நல்ல பிள்ளை. நான் கேட்டதெல்லாத்தையும் அப்பிடியே கேட்டுச் சொன்னது. குளிசையாலையோ தலை சுத்துது எண்டும் கேட்டனான். ஓமாம். மாத்தித் தந்திட்டா."

மாத்திரையால்தான் தலை சுற்றுகிறதோ என்ற அந்தக் கேள்வியை அம்மா என்னிடம் எத்தனையோ தரம் கேட்டிருந்தார். "சாப்பிடாமல் கிடந்தாச் சுத்தும்தானே அம்மா" என்று நானே பதில் சொல்லி, வைத்தியரிடம் கேட்காமல் விட்டிருந்தேன். போன மாரியில் அம்மா படியில் விழுந்தபோதும் சப்பாத்தைத்தான் குறை சொன்னேன்.

"இனி நீயும் மினக்கெடத் தேவையில்லை" என்றார் அம்மா. அவர் குத்திக்காட்டவில்லை. இரண்டாவது அழைப்பைப் பற்றி நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒஸ்லோ திரும்பியதும் மருத்துவ நிலையத்தை அழைத்து, அம்மா வரும்போதெல்லாம் தோல்க் வேண்டும் என்றேன். "வழக்கமா நீங்கள்தானே கதைப்பீங்கள்?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார் அங்கிருந்தவர்.

இனி இல்லை என்று சொல்லிவிட்டேன்.