மாமாவோடது செத்துப்போச்சு

சாபம் விட்டாளாம், அதனால் அக்கா அடித்துத் துரத்தினாளாம்! சொல்கிறவர்கள் வாய்க்கு ஒரு மூடி இருந்தால் தேவலை. சின்னவள் யாருக்கும் சாபம் விடவில்லை. யாரும் அவளைத் துரத்தவும் இல்லை. அவள் போனில் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, மாமாவோடது செத்துப்போச்சு. நானே அறுத்துட்டேன்." அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மாடிவீட்டுக்காரியின் காதிலும் விழுந்தது அது. மீதியை அவள் நாக்கு பார்த்துக்கொண்டது.

செத்தது சிலிண்டர். பழைய கேஸ் சிலிண்டர்களைச் சோதிக்கும் கூடத்தில் சின்னவளுக்கு வேலை. சுத்தியலால் தட்டுவாள், மணிபோல் பாடினால் நல்லது, தகரம்போல் இருமினால் சந்தேகம். சின்ன விளக்கை உள்ளே இறக்கித் துருவைப் பார்ப்பாள். அதிலும் தேறினால் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றுவாள். தாங்கிய சிலிண்டரின் தோளில், கழுத்துக்குச் சற்றுக் கீழே, அவள் முத்திரை விழும். தேறாததை அங்கே 'செத்தது' என்பார்கள். மறுபடி யாரும் நிரப்பிவிடாதபடி அறுத்துப் போடுவார்கள்.

அவள் இருந்ததோ அக்கா வீட்டில். வீட்டின் முன்பக்கமே மாமாவின் வெல்டிங் பட்டறை. அங்கிருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டர் சோதனைக்குப் போனபோது அவள் கைக்கே வந்தது.

"நம்ம வீட்டு சிலிண்டர்டி, கொஞ்சம் கண்ணை மூடிக்கோ," என்று அக்கா காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"நான் கண்ணை மூடினா துரு ஓடிப்போயிடுமாக்கா?"

விளக்கை இறக்கினால், உள்ளே அம்மைத் தழும்புபோல் குழி குழியாக அரித்திருந்தது. இதன் பக்கத்தில்தானே மனிதர் நாள் முழுக்கக் குந்தியிருக்கிறார் என்று நினைத்தாள். அறுத்துவிட்டாள்.

பட்டறை மூடிக் கிடந்தது. மாமா பேச்சை நிறுத்தினார். பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், தட்டைப் பார்த்தபடியே, "என் பிழைப்பை அறுத்தவளுக்கு என் வீட்டுலயே சோறு," என்றார். அவள் கையைக் கழுவிக்கொண்டு போய் அடுத்த தெருவில் ஒரு அறை பார்த்துவிட்டு வந்தாள்.

வாடகைச் சிலிண்டர் வந்த அன்று அவள் பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். மாமா புதிதாக வந்ததன் தோளைத் துணியால் துடைத்துத் துடைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இந்த முத்திரை உன்னோடதா?"

"என்னோடதுதான் மாமா."

அதன் பிறகே வால்வைத் திருகினார்.

"இரும்மா. ஏதோ கோபத்துல வாய் தவறிடுச்சு."

"இருந்தா அடுத்ததுக்கும் கண்ணை மூடச் சொல்வீங்க. பக்கத்துலதானே இருக்கேன், வந்து போறேன்."

"சரியான இரும்புடி நீ!" அக்கா பெட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"தட்டிப் பார்த்துட்டுதானே சொல்றே?"

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பிடி தளர்ந்தது. சின்னவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.