திலகவதி அக்கா பெயரில் அரங்கு வேண்டாம்

ஹரோவில் ஒரு பூப்புனித நீராட்டு விழா. மேடையில் நான் வாழ்த்துரை வழங்கிக்கொண்டிருந்தேன். லண்டனில் விழா என்றால் என்னைப் பேச அழைக்காமல் விடமாட்டார்கள், அது இந்த மலரை வாசிக்கும் எல்லாருக்கும் தெரியும். சட்டைப் பைக்குள் தொலைபேசி நடுங்கிக்கொண்டே இருந்தது. கைதட்டல் ஓய்ந்த பிறகு எடுத்துப் பார்த்தேன். எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர் ரொன். காஸ் அடுப்புப் பூட்டுகிற வேலையில் இருந்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர், சொந்தப் பெண்சாதியின் சவச்சடங்கிலேயே கண் கலங்காத மனுசன். அன்றைக்கு விம்மல்தான் கேட்டது. "தில்லி போய்விட்டா" என்றார். கழகத்து வெள்ளைக்காரர்களுக்குத் திலகவதி என்று சொல்ல வராது. நான் மண்டப வாசலில் அப்படியே குந்திவிட்டேன். சாப்பாட்டைத் தொடவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அதன் பாரம் விளங்கும்.

இந்த முப்பத்தோராம் நாள் மலருக்கு ஆறின மனத்தோடு எழுதித் தரும்படி கேட்டார்கள். ஏலாது. அக்காவின் உடல் மருத்துவமனையை விட்டு வெளியே வருமுன்னமே ஒரு முதலாளி அஞ்சலிப் பதாகை அடித்துக் கடை கடையாகத் தொங்கவிட்டுவிட்டார். அதில் அக்காவின் படம் முத்திரை அளவு, அவருடைய படம் கதவளவு. கீழே, "என்னோடு தோள்நின்று எமது கழகத்தைக் காத்த தாயே" என்று ஒரு வரி. அவருடைய பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் இந்த மலருக்கு விளம்பரம் தந்தவர்கள் கோவிப்பார்கள். பல கடைகளுக்குச் சொந்தக்காரர் என்றால் போதும். அவர் கழகத்தைக் காக்கவில்லை. அவரிடமிருந்து கழகத்தைக் காத்தவர்தான் அக்கா. இதை ஒருவரும் எழுதமாட்டார்கள் என்றபடியால் நான் எழுதுகிறேன்.

அக்காவை முதன்முதல் நான் கண்டது லண்டன் எட்மண்டனில், மரக்கறி ஏற்றுகிற என் வானுக்கு முன்னால். கண்ட இடத்தில் நிற்பாட்டின வாகனங்களுக்குத் தண்டம் எழுதுகிற வேலை அவருக்கு. மழைக்கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு என் கண்ணாடியில் டிக்கெட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் வட லண்டன் தமிழ்க் கடைகளில் பாதிக்கு நான்தான் மரக்கறி போட்டேன், என் வானைத் தெரியாத பொலிஸ்காரனே கிடையாது. விசாரித்துப் பார்த்தால் ஒரே ஊர், ஒரு வழியில் சொந்தமும் வருகுது. அதைச் சொன்னேன்.

"ஓம் தம்பி, ஊரிலை விட்டிருந்தால் எழுதமாட்டன். இது ரெட்டை மஞ்சள் கோடு, வாகனம் விடப்படாது" என்றார்.

அப்படியான மனுசி. சொந்தம், பந்தம், சாதி, சமயம் ஒன்றும் அந்தப் பேனாவைத் தடுக்காது. ஒரு அமைச்சரின் காருக்கும் எழுதினதாகக் கேள்வி. நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

உதைபந்தாட்டம் அக்காவுக்குத் தெரியாது. கடைசி வரையும் தெரியாது. சனிக்கிழமைகளில் மைதானத்தைச் சுற்றி ஆட்டம் பார்க்க வருகிற கார்களுக்கு எழுதுவது மட்டும்தான் அவருக்கும் கழகத்துக்கும் இருந்த உறவு. அது தொலைக்காட்சியில் வருகிற கழகம் அல்ல. முடிதிருத்துநரும் தபால்காரரும் வேலை முடிந்து வந்து விளையாடுகிற, தகரக் கூரையும் தேத்தண்ணிக் கடையும் கொண்ட சின்னக் கழகம். ஒரு சனிக்கிழமை அக்கா வந்து பார்த்தால் தெருவில் ஒரு கார் இல்லை. வாசலில் பூட்டு. ரொன்னும் பத்துப் பதினைந்து பேரும் குளிரில் விறைத்துப்போய் நிற்கிறார்கள்.

என்ன சங்கதி என்று கேட்டிருக்கிறார். அப்போது கழகம் ஒரு வெள்ளைக்காரக் கட்டட ஒப்பந்தக்காரரின் தனிச் சொத்து. ஆட்டக்காரருக்குச் சம்பளம் இல்லை, மின்சாரக் கட்டணம் இல்லை, எல்லாவற்றையும் வேண்டுமென்றே நாறவிட்டு, கழகம் செத்தபிறகு அந்த நிலத்தில் மாடி வீடு கட்டுவது அவருடைய திட்டம். அக்காவுக்கு அந்த ஆளைத் தெரியும். நடக்கமுடியாதவர்களுக்கென்று ஒதுக்கின இடத்தில் வாராவாரம் காரை விடுகிறவராம். அதற்கு மேல் அக்காவுக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

கழகத்தை ஆதரவாளர்களே பங்கு போட்டு வாங்கலாம், ஆளுக்கொரு பங்கு போதும், எத்தனை பங்கு வாங்கினாலும் ஒரு ஆளுக்கு ஒரு வாக்குத்தான் என்று ரொன் நீளமாக விளக்கினாராம். அக்கா குறுக்கே விழுந்து, இதைத்தான் எங்கள் ஊரில் சங்கக்கடை என்கிறது என்று சொல்லிவிட்டார். அவருடைய தகப்பனார் கூட்டுறவுச் சங்கக்கடையின் முகாமையாளராக இருந்தவர். அரிசியும் சீனியும் மண்ணெண்ணெயும் விற்கிற, ஊரார் எல்லாருக்கும் சொந்தமான கடை. வெள்ளைக்காரன் தலையைப் பிய்த்துக்கொண்டு விளக்கினதை அக்கா ஒரே சொல்லில் எங்கள் ஆட்களுக்கு விளங்கவைத்தார். சிவன் கோயில் வாசலிலும் நின்றார், மாதா கோயில் வாசலிலும் நின்றார். "லண்டனிலை ஒரு சங்கக்கடை திறக்கிறம், சேருறியளோ?" இவ்வளவுதான் பேச்சு. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் மறுகேள்வி கேட்கவில்லை. ஆயிரம் தமிழர் சேர்ந்தார்கள் என்று நான் சொல்வதுண்டு. ரொன் கொஞ்சம் குறைத்துச் சொல்லுவார்.

நான் பத்துப் பங்கு வாங்கினேன். பத்து வாக்குக் கிடைக்கும், இயக்குநர் சபையில் ஒரு கதிரையும் கிடைக்கும் என்பது என் கணக்கு. என்னைப் போலவே இன்னும் கொஞ்சம் பெரிய மனிதர்கள் அள்ளி வாங்கிவிட்டு முதல் கூட்டத்தில் முன்வரிசையில் போய் இருந்தோம். அக்கா ஒவ்வொருவர் கையிலும் ஒரேயொரு வாக்குச்சீட்டைத் தந்தார். நான் மற்ற ஒன்பதும் எங்கே என்று கேட்டேன்.

"சங்கக்கடையிலை கூடுதலாய்ச் சீனி வாங்கினவனுக்கு ரெண்டு வாக்கே தம்பி?" என்றார். சபை முழுக்கச் சிரித்தது. வெள்ளைக்காரர்களும் விளங்காமலே சிரித்தார்கள்.

பங்குக் காசு சேர்ந்தது, ஒப்பந்தக்காரரும் கடைசியில் விலைக்கு இறங்கினார், கழகம் எங்கள் கைக்கு வந்தது. நிலமும் உறுப்பினர் எல்லாருக்கும் பொதுவில் சொந்தமானது. அக்கா பொருளாளரானார். அதன் பிறகு அவர் வாங்கின ஏச்சுக்கு அளவில்லை. எங்களுக்கு ஒரு முன்வரிசை ஆட்டக்காரன் இருந்தான், கால் பட்டால் கோல். பக்கத்துக் கழகம் கூடின சம்பளம் காட்டிக் கூப்பிட்டது. நாங்களும் கூட்டிக் கொடுப்போம் என்று நான் அடித்துப் பேசினேன். ஊரில் என் காலத்தில் நானும் பின்வரிசையில் பேர்போன ஆட்டக்காரன், என் பேச்சுக்கு ஒரு எடை உண்டு. அக்கா ஏலாது என்றுவிட்டார். வாசலில் நுழைவுக் கட்டணமாய் வருகிற காசுக்கு மேல் ஒரு சதமும் சம்பளத்துக்குப் போகாது. பையன் போய்விட்டான், அந்த வருடமே நாங்கள் போட்டி வரிசையில் ஒரு படி கீழே இறங்கினோம். என்ன பேச்செல்லாம் பேசினார்கள். பந்து வட்டமோ சதுரமோ என்று தெரியாத பெண்பிள்ளையிடம் கழகத்தைக் கொடுத்தால் இப்படித்தான் என்றார்கள். அக்கா சொன்ன பதில் இது: "இறங்கினால் பேந்து ஏறலாம். மூடினால் எங்கை ஏறுறது?" எங்களிலும் பெரிய கழகங்கள் சம்பளக் கடனில் முழுகிப்போனதை இந்தக் கண்ணால் கண்டிருக்கிறேன். நாங்கள் இருக்கிறோம்.

பிறகு மின்விளக்குகள் பழுதாகின. கூரை ஆபத்து என்று பார்வையாளர் அரங்கை மூடச் சொன்னார்கள். திருத்தப் பெருந்தொகை வேண்டும். அந்த வாசனையில்தான் முதலாளி வந்தார். விளக்கும் புது அரங்கும் தான் போட்டுத் தருவாராம், கழகத்தில் பாதிக்கு மேல் தன் பெயருக்கு எழுதவேண்டுமாம். எங்கள் ஆட்கள் அப்படியே குளிர்ந்துபோனார்கள். "எங்கடை ஆள்தானே" என்றார்கள். இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போதும் இரத்தம் கொதிக்கிறது. ஒப்பந்தக்காரன் விழுங்கப் பார்த்தால் களவு, எங்களுடைய ஆள் விழுங்கினால் கௌரவமோ?

அன்றைய கூட்டத்தில் முதலாளி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "அக்கா, வெள்ளைக்காரன் வைச்சிருந்ததை நான் எங்கடை கைக்குக் கொண்டுவாறன்."

"இப்ப ஆரின்ரை கையிலை இருக்குதெண்டு நினைக்கிறியள்?" என்று கேட்டார் அக்கா. "ரொன்ரை கை, என்ரை கை, உந்தத் தம்பியின்ரை கை. நீங்களும் வந்து சேருங்கோ. உங்களுக்கும் ஒரு வாக்குத் தாறம்."

மனுசன் கோட்டை எடுத்துக்கொண்டு போனார். பேச்சு அடங்கியது. விளக்கில்லாமல் மத்தியானத்திலேயே ஆட்டத்தைத் தொடங்கி, இருட்டுமுன் முடித்துச் சமாளித்தோம். பிறகு அக்கா வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தார். கடைசி மாதங்களில் எத்தனை பேர் போய்ப் பார்த்தார்கள்? இப்போது அஞ்சலிப் பதாகைகளில் பெயர் போட்ட ஊர்ச் சங்கங்களில் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் செத்தவீட்டுக்கு எல்லாரும் வந்தார்கள். முதலாளி ஆளுயர மாலையோடு வந்தார். சாம்பல் ஆறமுன் அக்காவின் கணவர் சிவராசா அண்ணை வீட்டுக்குச் சட்டம் போட்ட ஒரு படம் வந்தது. கண்ணாடியும் இரும்புமாய்ப் புது அரங்கு, நெற்றியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் "திலகவதி அரங்கு". பழைய நிபந்தனை அப்படியே இருக்கிறது, பாதிக்கு மேல் அவருக்கு. அக்காவின் பெயர்தான் புதிதாய்ச் சேர்ந்தது. அக்கா தர மறுத்ததை அக்காவின் பெயரைச் சொல்லியே வாங்குகிற வித்தை. ஊர் முழுக்க எவ்வளவு பெரிய மனது என்று உருகியது. சிவராசா அண்ணை, சனிக்கிழமை சோறு போடாமல் பந்துக்குப் பின்னால் போகிறாள் என்று ஆயுள் முழுக்கப் புறுபுறுத்த மனுசன், அந்தப் படத்தைச் சுவரில் கொழுவிவிட்டார்.

முதலாளியின் நிபந்தனையை ஏற்பதா என்ற வாக்கெடுப்புக் கூட்டத்துக்கு அண்ணையை முதலாளியே தன் காரில் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்தினார். அண்ணை ஆதரித்துப் பேசினால் காரியம் முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணை உறுப்பினர் அல்ல, ஆனாலும் ரொன் பேச விட்டார். அண்ணை எழும்பி முதலாளியிடம் ஒரு கேள்வி கேட்டார்: உங்களுக்குப் பாதிக்கு மேல் வந்தபிறகு இந்த நிலத்தை விற்க ஏலுமோ? அப்படியொரு யோசனையே இல்லை என்றார் முதலாளி. "யோசினையைக் கேக்கேல்லை. ஏலுமோ, ஏலாதோ?" பக்கத்தில் இருந்த அவருடைய சட்டத்தரணி, ஏலும் என்றார்.

சிவராசா அண்ணை சபைப் பக்கம் திரும்பினார்.

"நாப்பது வரியம் அவவோடை இருந்தனான். ஒரு விசயத்திலை என்ரை சொல்லைக் கேட்டதில்லை. உயிரோடை இருக்கேக்கை ஏலாது எண்டவ. செத்தாப்பிறகு ஓம் எண்டு சொல்லவைக்க நான் ஆர்?"

அதற்குப் பிறகு நான் ஒரு உரை நிகழ்த்தினேன், பலர் அழுதார்கள். ஆனால் காரியம் அதற்கு முன்னமே முடிந்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தீர்மானத்துக்கு எதிராகக் கைகள் எழுந்தன. முதலாளிக்காகவும் கொஞ்சம் எழுந்தன. அவை ஆருடையவை என்று எனக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேர் இந்த மலரில் கவிதை எழுதியிருக்கிறார்கள், பக்கத்தைப் புரட்டினால் காண்பீர்கள். தீர்மானம் தோற்றது. திலகவதி அரங்கு இல்லை.

அடுத்த சனிக்கிழமை சொந்த மைதானத்தில் ஆட்டம். பழைய அரங்கு அடைத்தபடி கிடக்கிறது, எங்களுக்கு மைதானத்துக் கம்பிக்கரையில் நிற்கிற இடம்தான். வானம் கறுத்துக் கிடந்தது. நடுவர் விசிலடித்தார், இரண்டு அணியும் நடுவட்டத்தில் தலை குனிந்து நின்றன. ரொன் தொப்பியைக் கழற்றினார். எங்கள் ஆட்கள் கும்பிட்டார்கள், சிலர் சிலுவை போட்டார்கள். அஞ்சலி மௌனம் முடியுமுன் தூறல் தொடங்கியது. எல்லாரும் அசையாமல் நிற்க, சிவராசா அண்ணை தன் பாட்டுக்குச் சத்தமாய்ச் சொன்னார்: "சரி, நிண்டது காணும். விளையாடச் சொல்லுங்கோ, மழை வருகுது."

பந்து உருண்டது. நாங்கள் நாலு கோலால் தோற்றோம். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

போயிட்டு வாருங்கோ அக்கா. தலைக்கு மேலை ஒரு தகரம்கூட இல்லாமல் நனைஞ்சு தெப்பமாய் நிண்டம். எங்கடை நிலத்திலை நிண்டம்.