புகையிலைத் தாளில் ஒரு பனிமலை

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்ததும் ஆங்கிலப் புத்தகங்களை எரிக்க உத்தரவு. தோட்டப் பள்ளி வாத்தியாரான நான் எல்லாவற்றையும் எரித்தேன், கென்யாவைப் பற்றிய ஒரு தாளைத் தவிர. வெள்ளைக்காரன் ஆண்ட நாடு. கடற்கரையிலிருந்து ஏரிவரை ஓடும் ரயில். பாலில் இரத்தம் கலந்து குடிக்கும் மாசாய் மக்கள். பூமத்திய ரேகையிலேயே பனி மூடிய மலை. ரப்பர்க் காட்டுப் புழுக்கத்தில் அந்தப் பனியை எரிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தாளில் புகையிலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திகாம் பத்து டவுனுக்குப் போனேன். மளிகைக் கடை வாசலில் ஒரு சிப்பாய் சோதித்தான். தாளை விரித்தான். உள்ளே ரயில் பாதை போட்ட வரைபடம்!

"மாத்தா மாத்தா?" உளவாளியா என்று கேட்டான். கத்தி முனை என் தொண்டையைத் தொட்டது.

முன்பின் அறியாத கடைக்கார பாய் ஓடிவந்து குனிந்தார். "என் கடைத் தாள், துவான்! நான்தான் மடிச்சுக் கொடுத்தேன்," என்று மலாயில் கெஞ்சி, பொட்டலம் கட்ட வைத்திருந்த பழைய தாள்களைக் காட்டினார். பாயின் கன்னத்தில் அறை விழுந்தது. தாளைக் கிழித்தெறிந்துவிட்டுச் சிப்பாய் போனான்.

பாய் உதட்டு இரத்தத்தைத் துடைத்தார். "போ தம்பி, இனிமே வாழை இலையில மடி லா."

தாள் என்னுடையது என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. இன்றும் வகுப்பில் கென்யா பாடம் வந்தால், பனிமலைக்கு முன்னால் அந்தக் கிழிந்த உதடுதான் வந்து நிற்கிறது.